மகாத்மாவுக்கு ஒரு கடிதம்

மனித ஆளுமை வளரும் எட்டுப் பருவங்களை வகுத்தவர் எரிக் எரிக்ஸன். அகமதாபாத்தில் காந்தியைத் தேடிப் போனவர், ஒரு தந்தையின் தவறு பற்றி எழுத நேர்ந்தது. அப்போது அவர் வீட்டிலும் சொல்லப்படாத கதை ஒன்று இருந்தது.

அகமதாபாத், 1962. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த, தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் அங்கே ஒரு கருத்தரங்கை நடத்திக்கொண்டிருந்தார். பொருள்: மனித வாழ்க்கையின் பருவங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் எரிக்ஸனுக்கு அப்போது 60 வயது. ஒரு குழந்தை எப்படி ஓர் ஆளாக உருவாகிறது, அந்த உருவாக்கம் எந்த வயதில் முடிகிறது என்ற கேள்விகளுக்கு அவர் தந்திருந்த பதில் அதற்குள் உளவியல் வகுப்புகளில் பாடமாகிவிட்டிருந்தது.

அந்த ஊரில் அவர் சந்தித்த முதியவர்களில் ஒருவர் அம்பாலால் சாராபாய். பெரிய மில் முதலாளி. அந்தப் பெயரை எரிக்ஸன் முன்பே காந்தியின் சுயசரிதையில் படித்திருந்தார். 1918ல் அகமதாபாத் மில் தொழிலாளர்களுக்காகக் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது எதிர்த்தரப்பில் நின்ற முதலாளிகளின் தலைவர் இவர்தான். தொழிலாளர் பக்கம் நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. அவரும் 1962ல் உயிரோடு இருந்தார். காந்தியின் பக்கத்தில் நின்ற சங்கர்லால் பாங்கரும் இருந்தார். வரலாற்றின் ஒரு முழுக் காட்சியில் நடித்தவர்கள் எல்லோரும் அதே ஊரில், பேசிப் பார்க்கும் தூரத்தில் இருந்தார்கள். உளப்பகுப்பாய்வு பயின்ற ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நடந்தது இதுதான். 1917ல் நகரத்தில் பிளேக் பரவியது. தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க, மில் முதலாளிகள் கூலியோடு சேர்த்து ஒரு பெரிய போனஸைக் கொடுத்தார்கள். நோய் அடங்கியதும் நிறுத்தினார்கள். விலைவாசியோ இறங்கவில்லை. 20 சதவீத உயர்வு தருவதாக முதலாளிகள் சொன்னார்கள். காந்தி கணக்குப் போட்டு 35 என்றார். மில்கள் மூடப்பட்டன. தினமும் சபர்மதிக் கரையில் ஒரு மரத்தடியில் கூட்டம். நாட்கள் போகப்போகத் தொழிலாளர்களின் உறுதி தளர்ந்தது. காந்தியும் அனசூயாவும் காரில் வந்து போகிறார்கள், அவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பட்டினி கிடப்பது நாம்தானே என்று முணுமுணுப்புக் கிளம்பியது. அது காந்தியின் காதுக்கு எட்டியது. மார்ச் 15ஆம் தேதி, தீர்வு வரும்வரை உணவைத் தொடமாட்டேன் என்று அறிவித்தார். 18ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது.

சுயசரிதையில் இந்தப் போராட்டம் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. எரிக்ஸனுக்கு அந்தச் சில பக்கங்கள் போதவில்லை. 1918ல் காந்திக்கு 48 வயது. இந்தியா திரும்பி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த வயதில் ஒரு மனிதர் தனக்குள் இன்னொரு மனிதரை எப்படி உருவாக்கிக்கொள்கிறார்? ஆளுமை பற்றிய பழைய கோட்பாடுகளிடம் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. அவற்றின் கணக்குப்படி 48 வயதில் எதுவும் உருவாவதில்லை; உருவானது வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றும் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்றும் தமிழில் சொல்வதுண்டு. அந்த ஐந்து என்ற எண்ணை வியன்னாவின் சிக்மண்ட் ஃபிராய்ட் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். அவருடைய கோட்பாட்டில் மனிதனின் குணம் ஏறக்குறைய ஐந்தாறு வயதுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. பால் குடிக்கும் வாயில் தொடங்குகிறது குழந்தையின் இன்பம். பின்பு மலத்தை அடக்கவும் விடவும் கற்கிறது. அடுத்து, தாய்மீது ஆசையும் தந்தைமீது பொறாமையும் அச்சமுமாக ஒரு போராட்டம். அதிலிருந்து எப்படி மீள்கிறதோ அப்படித்தான் பிற்கால மனிதன். அடக்கப்பட்ட ஆசைகள் நனவிலி மனத்தில் தங்கி, கனவாகவும் நோயாகவும் தலைகாட்டும்.

ஃபிராய்டோடு இருந்தவர்களே அவரோடு முரண்பட்டார்கள். ஆல்ஃபிரட் அட்லருக்குக் காமத்தைவிடத் தாழ்வுணர்ச்சி முக்கியமாகப் பட்டது. சின்ன உடம்போடு பெரியவர்களின் உலகத்தில் வளரும் ஒவ்வொரு குழந்தையும் அதை வெல்லப் பார்க்கிறது என்றார். கார்ல் யுங் வாழ்க்கையின் பிற்பாதிக்குத் தனியாக ஒரு வேலை உண்டு என்றார். கடல் தாண்டி அமெரிக்காவில் ஜான் வாட்ஸன் மனத்தையே ஒதுக்கி வைத்தார். பழக்கம்தான் மனிதன், ஆரோக்கியமான குழந்தையை வளர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால் மருத்துவனாகவோ திருடனாகவோ எப்படி வேண்டுமானாலும் ஆக்கிக் காட்டுகிறேன் என்று 1920களில் சவால் விட்டார். தொட்டிலைத் தாண்டி ஆளுமைக்கு வாழ்க்கை உண்டா, இல்லையா? சச்சரவு இதைச் சுற்றித்தான்.

இந்த வாதத்தில் இந்தியாவும் ஆரம்பத்திலேயே வாய் திறந்தது. கல்கத்தாவில் மருத்துவராக இருந்த கிரீந்திரசேகர் போஸ் 1922ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பார்சிபாகான் சந்திலிருந்த அவர் வீடுதான் அதன் முகவரி. போஸும் ஃபிராய்டும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நேரில் சந்திக்கவே இல்லை. ஃபிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த ஒரு விஷ்ணு சிலை போனது. ஆனால் போஸ் வெறும் பக்தர் அல்ல. தந்தையிடம் ஆண் குழந்தைக்குள்ள அச்சத்தைப் பற்றி ஃபிராய்ட் சொன்னது ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரியும் அளவுக்குத் தன் இந்திய நோயாளிகளிடம் தெரியவில்லை என்று அவருக்கே எழுதினார். ஃபிராய்ட் மரியாதையாகப் பதில் எழுதினார். கோட்பாட்டை மாற்றவில்லை.

மாற்றியவர் எரிக்ஸன். அதற்குக் காரணம் படிப்பு மட்டும் அல்ல.

1902ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர் அவர். தாய் கார்லா, டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். தந்தை யார் என்று எரிக்ஸனுக்குக் கடைசி வரை தெரியாது. அவனுக்கு மூன்று வயதானபோது தாய் தியோடர் ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரை மணந்துகொண்டார். ஹோம்பர்கர்தான் அப்பா என்று பையனிடம் சொல்லப்பட்டது. கண்ணாடி வேறு கதை சொன்னது. நீலக் கண்கள், பொன்னிற முடி, நெடுநெடுவென்ற உயரம். யூதக் கோயிலில் அவனை அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்திலோ அவன் யூதன். இரண்டு இடத்திலும் சேராத பையன், படிப்பை முடித்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், ஓவியம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினான்.

1927ல் ஒரு பள்ளித் தோழர் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். உளப்பகுப்பாய்வாளர்களைச் சுற்றி நடந்த ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியர் வேலை. ஃபிராய்டின் மகள் அன்னாவிடம் பகுப்பாய்வும் பயிற்சியும் கிடைத்தன. பட்டம் எதுவும் பெறாத அந்த ஓவியர் குழந்தைகளின் மனத்தைப் படிக்கும் நிபுணரானார். கனடாவில் பிறந்த ஜோனை மணந்தார். 1933ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில், குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939ல் அமெரிக்கக் குடிமகனானபோது தனக்குத் தானே ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்: எரிக்ஸன். எரிக்கின் மகன். தந்தை தெரியாதவர் தனக்குத் தானே தந்தையானார்.

அடையாள நெருக்கடி என்ற சொல் இன்று அரசியல் மேடை வரை புழங்குகிறது. உளவியலில் அதை நிலைநாட்டியவர் இவர்தான். வேறு யாரும் அதைக் கண்டுபிடித்திருந்தால்தான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் அவர் சிகிச்சை அறையிலேயே அடைந்து கிடக்கவில்லை. தெற்கு டகோட்டாவில் சூ பழங்குடி மக்களிடமும், கலிஃபோர்னியாவில் யூரோக் மக்களிடமும் போய், அவர்கள் குழந்தைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்தார். எருமைகளை வேட்டையாடி வாழ்ந்த சமூகம் ஒருவிதமாக வளர்த்தது. ஆற்றங்கரையில் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த சமூகம் வேறுவிதமாக வளர்த்தது. எருமைகள் அழிந்து, அரசாங்கப் பள்ளிக்கூடம் வந்தபின், சூ குழந்தைகள் எந்த உலகத்துக்காக வளர்க்கப்பட்டார்களோ அந்த உலகமே இல்லாமல் போயிருந்தது. குழந்தையின் மனம் தாய், தந்தை, ஆசை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடவில்லை. ஊர், தொழில், வரலாறு எல்லாம் அதற்குள் வருகின்றன என்பதை எரிக்ஸன் அங்கே கண்டார்.

1950ல் வெளியான முதல் நூலில் எட்டுப் பருவங்கள் முழு வடிவம் பெற்றன. மனைவி ஜோனுக்கும் அந்தச் சிந்தனையில் பங்கு உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு இழுபறி. கைக்குழந்தைக்கு உலகத்தை நம்பலாமா, கூடாதா என்பது கேள்வி. நடக்கத் தொடங்கியதும் தன் காலில் நிற்பதா, வெட்கப்பட்டு ஒடுங்குவதா. பின்பு துணிந்து முயல்வதா, குற்றவுணர்வில் பின்வாங்குவதா. பள்ளி வயதில் உழைத்துக் கற்கும் பெருமிதம், அல்லது தாழ்வுணர்ச்சி. பதின்பருவத்தில் 'நான் யார்' என்ற கேள்வி. வாலிபத்தில் நெருக்கம் அல்லது தனிமை. நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுவதா, தனக்குள்ளேயே தேங்கிப்போவதா. முதுமையில் வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்வதா, கசந்துபோவதா.

பி.எட். மாணவர்கள் இன்று இதை அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். அட்டவணையில் தவறிப்போவது ஒன்று உண்டு. எந்தப் பருவத்திலும் பரிட்சை போலத் தேர்ச்சி, தோல்வி கிடையாது. நம்பிக்கையோடு கொஞ்சம் அவநம்பிக்கையும் வேண்டும்; முழுக்க நம்பும் குழந்தை முதல் ஏமாற்றுக்காரனிடமே மாட்டிக்கொள்ளும். ஒரு பருவத்தில் கிடைக்காதது பின்னால் கிடைக்கவும் வழியுண்டு; கிடைத்தது தவறிப்போகவும் கூடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையலாம். வலிக்கும், அவ்வளவுதான்.

அகமதாபாத்தில் எரிக்ஸன் தேடியது ஏழாவது பருவத்தின் மனிதரை. 48 வயதுக் காந்தி ஒரு நகரத்தின் தொழிலாளர்களைத் தன் குழந்தைகளாக ஏற்றுக்கொள்கிறார். சொந்த வீட்டைத் தாண்டி ஒரு தேசத்தையே பேணத் தொடங்குகிறார். நடுவயதின் வேலையான பேணுதல் இவ்வளவு பெரிய அளவில் நடந்து வேறெங்கு பார்ப்பது? சில ஆண்டுகள் உழைத்து எழுதிய 'காந்தியின் உண்மை' என்ற நூல் 1969ல் வெளிவந்தது. அமெரிக்காவின் புலிட்சர் பரிசும் தேசிய புத்தக விருதும் அதற்குக் கிடைத்தன.

அந்த நூலின் நடுவே ஓர் எதிர்பாராத திருப்பம். வரலாறு சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியர் சட்டென்று பேனாவைத் திருப்பி, இறந்து இருபது ஆண்டுகளான காந்திக்கே கடிதம் எழுதத் தொடங்கிவிடுகிறார். இந்த இடத்துக்கு வந்தபின் மேலே எழுதவே தன்னால் முடியாது போலிருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். உண்மை, உண்மை என்று சொல்லும் இடத்திலேயே ஏதோ ஒரு பொய் தட்டுப்படுகிறது என்பது அவருடைய புகார். எதிரியிடம் காட்டிய அகிம்சையை வீட்டாரிடம் காந்தி காட்டினாரா? கஸ்தூரிபாவிடம்? பிள்ளைகளிடம்? தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இளம்பெண்களைப் பையன்கள் கேலி செய்தபோது, காந்தி அந்தப் பெண்களின் கூந்தலைத் தன் கையாலேயே கத்தரித்ததும் அந்தக் கடிதத்தில் வருகிறது. அடிக்காமலே ஒருவரைக் காயப்படுத்த முடியும் என்கிறார் எரிக்ஸன். தன் ஆசையோடு தான் நடத்தும் போரில் பிறரைப் பணயம் வைப்பதும் வன்முறைதான் என்பது அவர் வாதம்.

காந்தியின் மூத்த மகன் ஹரிலாலின் கதையை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தந்தையைப் போல இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்க ஆசைப்பட்டார் ஹரிலால். அந்தப் படிப்பின்மீது தந்தைக்கு நம்பிக்கை போயிருந்தது. தென்னாப்பிரிக்காவில் தந்தையின் போராட்டத்தில் மீண்டும் மீண்டும் சிறை சென்ற அந்த மகன், 1911ல் வீட்டைவிட்டு வெளியேறினார். குடி, கடன், மதமாற்றம், திரும்பி வருதல் என்று அலைந்து, தந்தை கொல்லப்பட்ட சில மாதங்களில், 1948 ஜூனில், பம்பாய் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். தேசத்தின் தந்தை என்ற சொல்லுக்குள் இந்த ஒரு மகனுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

எரிக்ஸனின் கடிதத்தைப் படித்த அக்கால வாசகர்கள் அவருடைய துணிச்சலைப் பாராட்டினார்கள், அல்லது கோபப்பட்டார்கள். எழுதியவரின் வீட்டில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது வெளியே தெரிய இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1944ல் எரிக்ஸனுக்கும் ஜோனுக்கும் நான்காவது குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. நீல் என்று பெயர். டவுன் சின்ட்ரோம் என்று இன்று அழைக்கப்படும் குறைபாடு அதற்கு இருந்தது. அப்படிப்பட்ட குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒரு காப்பகத்தில் விட்டுவிடுங்கள், அதிக நாள் உயிரோடிருக்காது என்பதுதான் அக்கால மருத்துவர்களின் வழக்கமான ஆலோசனை. குழந்தை காப்பகத்துக்குப் போனது. வீட்டிலிருந்த பிள்ளைகளிடம், பிறந்ததும் இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது.

நீல் இறக்கவில்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல, இருபது வயதைத் தாண்டியும் வாழ்ந்தான். ஆரோக்கியமான ஆளுமை எப்படி வளர்கிறது என்று அவனுடைய பெற்றோர் எட்டுப் பருவங்களை வகுத்தபோது நீலுக்கு ஆறு வயது. அகமதாபாத்தில் மனித வாழ்க்கையின் பருவங்கள் பற்றித் தந்தை கருத்தரங்கு நடத்திய 1962ல் அவனுக்குப் பதினெட்டு. அந்த அட்டவணைப்படி அடையாளத்தைத் தேடும் வயது. காந்தி நூல் அச்சாகும் முன்பே அவன் இறந்துவிட்டான். 1999ல் எரிக்ஸனின் வாழ்க்கை வரலாற்றை லாரன்ஸ் ஃபிரீட்மன் வெளியிட்டபோது இந்த விவரம் பொதுவெளிக்கு வந்தது. எரிக்ஸனின் மகள் சூ, பின்னாளில் தானும் மனநல சிகிச்சையாளரானவர், அந்த மௌனம் குடும்பத்தை எப்படி அரித்தது என்று எழுதினார். எரிக்ஸன் 1994லும் ஜோன் 1997லும் இறந்துவிட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு சுலபமான வழி உண்டு. காந்திக்கு எழுதிய கடிதம் உண்மையில் தனக்கே எழுதிக்கொண்டது என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடலாம். ஒருவருடைய நூலை அவருடைய காயத்துக்குள் அடைத்துவிடுவது உளப்பகுப்பாய்வின் பழைய நோய். எரிக்ஸன் விலக முயன்றதே அந்த நோயிலிருந்துதான். இன்னொரு சுலபமான வழி, சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்று கோட்பாட்டையே குப்பையில் போடுவது.

ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் கண்ணில் படாமல் போகாத ஒன்று இருக்கிறது. தந்தை யார் என்பதைத் தாய் மறைத்தாள். அந்த மறைப்பால் வாழ்நாள் முழுக்க வலித்த பையன் வளர்ந்து தந்தையானபோது, தன் பிள்ளைகளிடம் ஒரு தம்பியையே மறைத்தார். குழந்தைக்கு உண்மை தெரியாவிட்டாலும் வீட்டில் ஏதோ மறைக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். எரிக்ஸனைவிட இதை நன்றாக அறிந்தவர் யார்? அறிந்தும் செய்தார். அறிவு ஒரு பருவத்தின் வெற்றி என்றால், பயத்தைக் கடக்க அது மட்டும் போதவில்லை.

அவரது கோட்பாட்டின் குறைகளையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்க முடிகிறது. ஹார்வர்டில் அவரோடு சேர்ந்து கற்பித்த கரோல் கில்லிகன் 1982ல் ஒரு கேள்வி எழுப்பினார். முதலில் 'நான் யார்' என்று தெளிந்து, பிறகுதான் இன்னொருவரோடு நெருக்கம் என்பது ஆண்களின் வரிசை அல்லவா? பெண்களுக்கு இரண்டும் பின்னிப் பிணைந்தே வருகின்றன என்றார். மரபணு ஆய்வுகள் வேறு பக்கத்திலிருந்து வந்தன. பிரிந்து வளர்ந்த இரட்டையர்களைப் பற்றிய ஆய்வுகளின்படி, மனிதர்களின் குணங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பிறப்போடு வருகிறது. பெற்றோர் எதையும் செதுக்கிவிடலாம் என்ற வாட்ஸனின் சவால் அங்கே தோற்றது. அதே சமயம், குணம் கல்லில் செதுக்கியதல்ல என்பதும் தெரியவந்தது. நடுவயதை நோக்கிப் போகும்போது பெரும்பாலோர் முன்பைவிடப் பொறுப்பும் நிதானமும் உள்ளவர்களாகிறார்கள் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்ற எரிக்ஸனின் அடிப்படை நம்பிக்கை பிழைத்துக்கொண்டது.

இந்தியாவில் அந்த நம்பிக்கைக்கு ஒரு வாரிசு கிடைத்தார். 1960களில் எரிக்ஸன் அகமதாபாத்துக்கு வந்துபோன நாட்களில், வாழ்க்கையில் என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்து நின்ற இளைஞர் ஒருவர் அவரைச் சந்தித்தார். பொறியியல் படித்தவர், பொருளாதாரம் படித்தவர், எதிலும் மனம் ஒட்டாதவர். சுதிர் கக்கர். பட்டமில்லாமல் ஊர் சுற்றிய தன் இளமையை அந்த இளைஞரிடம் எரிக்ஸன் கண்டிருக்க வேண்டும். கக்கர் பிறகு ஹார்வர்டில் அவருக்கு உதவியாளரானார்; ஃபிராங்க்ஃபர்ட்டில் உளப்பகுப்பாய்வு பயின்று, டெல்லி திரும்பினார். 1978ல் வெளியான அவருடைய 'தி இன்னர் வேர்ல்ட்' கிரீந்திரசேகர் போஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

இந்தியக் குழந்தை, முக்கியமாக ஆண் குழந்தை, முதல் சில ஆண்டுகள் தாயின் மடியில் முழுதாக மூழ்கிக் கிடக்கிறது. ஐந்து வயதை ஒட்டி ஆண்களின் உலகத்துக்குச் சட்டென்று இழுத்து விடப்படுகிறது. இதை இரண்டாவது பிறப்பு என்றார் கக்கர். சீக்கிரம் தனித்து நிற்பதே வளர்ச்சி என்ற மேற்கத்திய அளவுகோலை வைத்தால் இங்கே பாதிப்பேர் வளராதவர்கள். உறவுகளுக்குள் தன்னைக் காண்பதும் ஒரு ஆளுமைதான் என்று வாதிட்டார். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், துறவு என்ற ஆசிரமப் படிகளை எரிக்ஸனின் பருவங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். வாழ்க்கை முழுவதையும் வளர்ச்சியாகக் காணும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கக்கர் 2024 ஏப்ரலில் காலமானார்.

இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. ஆசிரமப் படிகள் மேல்சாதி ஆணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எட்டுப் பருவங்கள் நீலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எழுதப்பட்டவை. மனிதன் எப்படி வளர்கிறான் என்று சொல்லும் எந்தக் கோட்பாடும் யார் மனிதன் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் தொடங்குகிறது. அந்த முடிவுக்கு ஆய்வுக் கூடம் வேண்டியதில்லை. "இவன் மக்கு", "இவள் அடங்காப்பிடாரி", "அந்தக் குழந்தையை யாருக்கும் காட்டாதே" என்று வீட்டுக்குள்ளேயே, ஒரு நாளின் பரபரப்பில், யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். பிறகு அந்தக் குழந்தை எதைச் செய்தாலும் அந்தச் சொல்லுக்குச் சாட்சியாகிறது.

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகள் வீட்டில், குடும்பத்தோடு வளரும்போது பேசவும் படிக்கவும் கற்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், ஐம்பது அறுபது வயது வரை வாழ்கிறார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்கள் வீட்டிலும் சமூகத்திலும் வாழும் உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டதே 1959ல். நீல் பிறந்தபோது யாருக்கும் அது தெரியாது. தெரியாத காலத்தில் பயந்த பெற்றோரைத் தெரிந்த காலத்திலிருந்து கண்டிப்பது எளிது. இன்றும் விருந்தாளி வந்தால் பின்கட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அவ்வளவு எளிதாக இல்லை.

குழந்தையின் முதல் சாதனை எது என்ற கேள்விக்கு எரிக்ஸன் தந்த பதில் அழகானது. தாய் கண்ணிலிருந்து மறையும்போது அழாமல் இருப்பது. மறைந்தாலும் திரும்பி வருவாள் என்று நம்புவது. மற்ற ஏழு பருவங்களும் அதன் மேல்தான் எழும்புகின்றன. அந்த முதல் படியை எழுதியவருக்கு அப்போது கண்ணில் படாத இடத்தில் ஒரு மகன் இருந்தான். கோட்பாடு பொய்யாகிவிடவில்லை. தன் குழந்தையை வைத்து அதைப் படிக்கும் தாயோ தந்தையோ, எழுதியவரால் செய்ய முடியாமல் போனதைச் செய்யலாம்.